மறைகுறிப் பொறிகளும் அவற்றின் மெய்ப்பாடும்

ஒருவர் எழுதிய செய்தியை உரியவரன்றிப் பிறர் படித்தறியாவண்ணம் உருமாற்றி அனுப்பும் கலையை மறைகுறியாக்கம் என்பர். முன்னர் அரசரும் படைத்தலைவரும் மாத்திரம் கையாண்ட இக்கலை, இன்று நம் ஒவ்வொருவருடைய சட்டைப்பையிலும் இடம்பெற்றுவிட்டது. வங்கி அட்டையிற் பதித்துள்ள சிறு சில்லு, கைத்தொலைபேசி, மோட்டார்க் காரின் கதவைத் தொலைவில் நின்று திறக்கும் கருவி ஆகிய யாவும் மறைகுறிப் பொறிகளே. இவை ஒவ்வொன்றினுள்ளும் ஓர் இரகசிய எண் பொதிந்துள்ளது. அதனைத் திறப்பு என்றே வழங்குவர். திறப்புப் பிறர் கைப்படின் பொறியாற் பயன் யாதுமில்லை. இத்தகைய பொறியொன்று தன் திறப்பைத் தன்னையறியாமலே புறத்தே கசியவிடுகின்றதா என்பதை விரைவாகவும் செலவு குறைவாகவும் சோதித்தறியும் முறை யாது என்பதே ஈண்டு யாம் விளக்கப் புகும் பொருளாகும்.

தமிழாசிரியருக்கு மின்பொறியில் என்ன அலுவல் என்று விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர்கள் நகைத்தல் கூடும். உள்ளத்தில் மறைந்து நிற்பது உடலின்வழிப் புறத்தே புலப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே பொருளதிகாரத்தில் வகுத்து வைத்தது தொல்காப்பியம். குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பில், பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக, இரண்டு அதிகாரங்களை அமைத்தது திருக்குறள். வாய் கூறாததை முகம் கூறிவிடும் என்பதை இத்துணை நுணுக்கமாக ஆராய்ந்த மரபில் வந்தார்க்கு, பொறிக்கும் மெய்ப்பாடு உண்டு என்னும் செய்தி அத்துணை அயலானதன்று.

அதனை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், படைத்துறையின் தொலையச்சுச் செய்திகளை மறைகுறியாக்கும் கருவியொன்று பரிசோதிக்கப்பட்டது. ஒருமுறை மாத்திரம் பயன்படுத்திப் பின் அழிக்கப்படும் துளைநாடாவைக் கொண்டு அக்கருவி இயங்கியது. அம்முறை, விதி வழுவாது கையாளப்படின், எவராலும் உடைக்கவொண்ணாதது. இதனைக் குளோட் ஷனன் என்னும் கணித அறிஞர் 1949இல் வெளியிட்ட ஆய்வில் ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். ஆயின் அக்கருவி ஓர் எழுத்தைக் கையாளுந்தோறும், ஆய்வுகூடத்தின் வேறொரு பகுதியில் நின்ற அலைகாட்டியின் திரையிலே கூர்முனை ஒன்று தோன்றுவதைப் பொறியியலாளர் ஒருவர் தற்செயலாகக் கண்டார். அக்கூர்முனைகளை ஆராய்ந்தபோது, மறைக்கப்படுவதற்கு முன்னிருந்த மூலச்செய்தியே அவற்றில் வெளிப்பட்டது!

படைத்துறையினர் முதலில் நம்பினாரல்லர். ஆதலின் பெல் பொறியியலாளர், நியூயோர்க் நகரின் வரிக் வீதியிலிருந்த படைத்துறைச் செய்தி நிலையத்துக்கு எதிரே, ஏறத்தாழ 80 அடி தொலைவிலிருந்த கட்டடத்தில் அமர்ந்து, ஒருமணி நேரம் அளவில் அலைகளைப் பதிவு செய்தனர். அடுத்த மூன்று நான்கு மணி நேரத்துள், அனுப்பப்பட்ட இரகசியச் செய்திகளின் முக்காற்பங்கைப் படித்துக் காட்டினர். உடைக்கவொண்ணாதெனக் கணிதம் நிறுவிய முறை உடையவில்லை. அதனை இயக்கிய பொறிதான் பேசிவிட்டது. இவ்வரலாற்றை அமெரிக்க அரசு பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்து, 2007ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தியது. இங்கிலாந்தினரும் இத்துறையிற் சளைத்தவரல்லர். 1956இல் சுயெஸ் நெருக்கடியின்போது, இலண்டனிலிருந்த எகிப்தியத் தூதரகத்தின் மறைகுறிப் பொறியின் சில்லுகள் சுழலும் ஓசையை ஒலிவாங்கி மூலம் ஒற்றுக்கேட்டதாகப் பீற்றர் றைற் என்பார் 1987இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார்.

இனி, பொறி பேசுவது எங்ஙனம்? அடர்ந்த கிடுகுவேலிக்கு அப்பால் அயல்வீட்டார் துலாவில் நீர் அள்ளுகின்றார் எனக் கொள்வோம். நிறைவாளி ஏறும்போது துலா முனகும் ஓசை வேறு. வெறுவாளி இறங்கும்போது எழும் ஓசை வேறு. வேலியைத் தாண்டாமலே அவர் எத்தனை வாளி அள்ளினார், எந்த வாளி குறையாக வந்தது என்பவற்றைக் கூறிவிடலாம். சில்லினுள்ளும் இதுவே நிகழ்கின்றது. அதனுள் இருப்பவை பல்லாயிரம் நுண்ணிய மின் ஆளிகள். ஓர் எண்ணைச் சுமந்து நிற்கும் பிற்றுக்கள் சுழியிலிருந்து ஒன்றாகவோ ஒன்றிலிருந்து சுழியாகவோ மாறும்போது, மின்னோட்டம் சிறிதளவு செலவாகின்றது. எட்டுப் பிற்றுக்கள் ஒருங்கே மாறினால் மிகுதியாகவும், இரண்டு மாறினாற் குறைவாகவும் செலவாகும். சில்லுக்கு மின் வழங்கும் கம்பியில் ஒரு சிறு தடையை இணைத்து, அலைகாட்டியால் அளந்தால், அச்செலவின் ஏற்றத்தாழ்வு ஓர் அலைக்கோடாக வரையப்படும். அதனைச் சுவடு என்று வழங்குவாம். தடையை இணைக்காமலே, சில்லின்மேல் ஒரு சிறு கம்பிச் சுருளைப் பிடித்து, அதன் மின்காந்த அலையைப் பதிவு செய்தலும் உண்டு.

அமெரிக்கரான பால் கொச்சர், கணக்கைச் செய்து முடிக்கப் பொறி எடுக்கும் நேரத்தின் வேறுபாட்டைக் கொண்டே திறப்பை அறியலாம் என்பதை 1996இற் காட்டினார். 1999இல் அவரும் ஜோஷுவா ஜஃபே, பென்ஜமின் ஜுன் என்னும் இருவரும், மின்செலவுச் சுவடுகளைக் கொண்டு அதனினும் எளிதாக அறியும் வழியை வெளியிட்டனர். அவ்வழியின் வன்மையை ஓர் எண்ணால் உணரலாம். இன்று உலகெங்கும் வழங்கும் ஏ.இ.எஸ். என்னும் மறைகுறி முறை, அமெரிக்க நியமமாக 2001இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது; பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் வகுத்தது. அதன் திறப்பு 128 பிற்றுக்கள் கொண்டது எனக் கொள்வோம். இருக்கக்கூடிய திறப்புக்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக முயல்வதாயின், அவற்றின் தொகை 39 இலக்கமுள்ள எண்ணாகும். உலகிலுள்ள கணினிகள் யாவும் கூடினும் முடியாத வேலை. ஆயின் சில்லோ, திறப்பை 16 பைற்றுக்களாகப் பிரித்துத் துண்டு துண்டாகவே கையாள்கின்றது. ஒரு பைற்றுக்கு இருக்கக்கூடிய பெறுமானங்கள் 256 மாத்திரமே. ஒவ்வோர் ஊகத்தையும் சுவடுகளோடு ஒப்பிட்டு, எது அவற்றோடு சேர்ந்து அசைகின்றது என்று பார்த்தால், அப்பைற்றுப் பிடிபடும். 16 பைற்றுக்கும் சேர்த்து 4,096 ஊகங்கள். மலையைப் பெயர்க்க வேண்டியவன் கல்லுக் கல்லாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போன கதை இது.

இஃது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மோட்டார்க் கார்களுக்கும் வண்டிக் கொட்டகைக் கதவுகளுக்கும் பயன்பட்ட கீலொக் என்னும் தொலைத்திறப்பு முறையை, ஜேர்மனியின் போகும் நகரப் பல்கலைக்கழகத்தார் 2008இல் இவ்வழியால் உடைத்தனர். உற்பத்தியாளரின் தலைமைத் திறப்பு ஒருமுறை அகப்பட்ட பின், கருவி அனுப்பும் இரண்டு செய்திகளை ஒற்றுக்கேட்டால் அக்கருவியின் மறுபடியைச் செய்துவிடலாம் என்பதையும் காட்டினர்.

ஆகவே ஒரு சில்லை விற்பனைக்கு விடுமுன் சோதித்தல் இன்றியமையாததாயிற்று. தொடக்கத்தில் கையாண்ட சோதனை முறை, கள்வனைப் போலவே தாமும் முயன்று பார்த்தலாகும். இதில் இடர்ப்பாடு பெரிது. தாக்கும் வழிகள் பல. கணக்கின் எந்தப் படியைத் தாக்குவது, மின்செலவை எவ்விதமாக ஊகிப்பது என்பனவும் பல. ஒவ்வொன்றையும் தனித்தனியே முயல்வதற்குக் கைதேர்ந்த வல்லுநரும் பல கிழமைகளும் வேண்டும். ஈற்றில் திறப்பு அகப்படவில்லையெனின், சில்லு நன்றென்பதா, சோதித்தவர் திறமை போதாதென்பதா? இவ்வினாவுக்கு விடையில்லை.

2011ஆம் ஆண்டில், யப்பானின் நாரா நகரில் அமெரிக்க நியம நிறுவனத்தார் கூட்டிய கருத்தரங்கில், கில்பேட் குட்வில், ஜுன், ஜஃபே, பங்கஜ் ரொஹற்கி ஆகிய நால்வர் வேறொரு வினாவை முன்வைத்தனர். திறப்பு யாது என்று தேட வேண்டா. சில்லின் புறத்தோற்றம், அது உள்ளே கையாளும் தரவைப் பொறுத்து மாறுகின்றதா என்று மாத்திரம் பார்த்தாற் போதும் என்றனர். களவு போகுமா என்று கேளாது, கூரை ஒழுகுமா என்று கேட்டமை போன்றது இது. எளிய மாற்றமாகத் தோன்றினும், இத்துறையில் நிகழ்ந்த மிகப் பயனுள்ள மாற்றம் இதுவே என்பது எம் கருத்து. வினாவைச் சுருக்கியதனால் வேலையும் சுருங்கியது.

செய்முறை பின்வருமாறு. சில்லினுள் ஒரு திறப்பை வைத்துவிட்டு, அதனை மாற்றாது, இலட்சக்கணக்கான முறை மறைகுறியாக்கம் செய்விப்பர். சில முறைகளில் எப்பொழுதும் ஒரே மூலச்செய்தி கொடுக்கப்படும். ஏனையவற்றில் எழுமாறாக எடுத்த புதுப்புதுச் செய்தி கொடுக்கப்படும். இவ்வாறு இரண்டு குவைச் சுவடுகள் சேரும். சில்லு எதனையும் கசியவிடவில்லையெனின், இரு குவைகளுக்கும் இடையே வேறுபாடு தோன்றலாகாது. கசியவிடுமாயின், சுவட்டின் ஏதோவொரு கணத்தில் ஒரு குவையின் இடை மற்றதன் இடையினின்று விலகி நிற்கும். ஒரே செய்தியை முதலில் ஆயிரம்முறை கொடுத்துவிட்டுப் பின் ஏனையவற்றைக் கொடுத்தலாகாது என்பது இதில் முக்கியமான விதி. காலையிற் குளிர்ந்திருந்த சில்லு நண்பகலிற் சூடேறும். அச்சூட்டின் வேறுபாட்டையே கசிவென மயங்க நேரும். ஆதலின் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டியதுபோல எழுமாறாகத் தெரிந்து, இரு வகையையும் விரவிக் கொடுத்தல் வேண்டும். சுவட்டின் தொடக்கமும் முடிவும் கொடுத்த செய்தியையும் வெளிவந்த செய்தியையும் இயல்பாகவே காட்டுவன, அவை இரகசியமல்ல. எனவே நடுப்பகுதியையே கருத்திற் கொள்வர்.

இரண்டு இடைகள் வேறுபடுகின்றனவா, அன்றித் தற்செயலான தடுமாற்றந்தானா என்று துணிவதற்குப் புள்ளிவிபரவியல் ஒரு கருவியை வைத்திருக்கின்றது. அதன் மூலவர் கொசெற் என்பார். அயர்லாந்தின் டப்ளின் நகரிலே, கின்னஸ் மதுவடிசாலையில் வேலைபார்த்தவர் (இந்துக் கல்லூரி மலரில் மதுவடிசாலை புகுந்ததை அன்பர்கள் பொறுத்தருள்க). தம் ஆய்வை 1908இல் மாணவன் என்னும் பொருள்படும் புனைபெயரில் வெளியிட்டார். இரு குவைகளின் மாறற்றிறன் சமமாக இல்லாதபோதும் பொருந்துமாறு, வெல்ச் என்னும் ஆங்கிலேயர் அதனை 1947இல் திருத்தியமைத்தார். முறை இதுதான். இரண்டு இடைகளின் வித்தியாசத்தை எடுக்க. ஒவ்வொரு குவையின் மாறற்றிறனையும் அக்குவையிலுள்ள சுவடுகளின் தொகையால் வகுத்து, வந்த இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் காண்க. முன்னதைப் பின்னதால் வகுக்க வருவது டீ எண். உயர்தர வகுப்பு மாணவர் எவரும் ஒரு தாளிற் செய்து பார்க்கத்தக்கது.

டீ எண் 4.5ஐக் கடந்தாற் கசிவு உண்டெனக் கொள்வது வழக்கம். உண்மையிற் கசிவில்லாத ஒரு கணத்தில் இவ்வெண் தற்செயலாக 4.5ஐக் கடப்பதற்குரிய நிகழ்தகவு, ஓர் இலட்சத்தில் ஒன்றினும் குறைவு. இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு சுவட்டில் ஓர் இலட்சம் கணங்கள் அளக்கப்பட்டிருக்குமாயின், சோதனையும் ஓர் இலட்சம் முறை நடைபெறுகின்றது. அவை ஒன்றையொன்று சாராதன எனக் கொண்டு கணித்தால், குற்றமற்ற சில்லும் ஏறத்தாழ இரண்டிலொரு வாய்ப்பில் ஏதோவொரு கணத்திற் குற்றவாளியாக நிற்க நேரும். இதனைத் தவிர்க்கவே, புதிய சுவடுகளைக் கொண்டு சோதனையை இரண்டாம் முறையும் நடத்தி, இருமுறையும் அதே கணத்தில், அதே பக்கமாக எல்லை கடந்தாலன்றிக் குற்றம் சாட்டலாகாது என்று விதித்தனர். தற்செயல் ஒரே இடத்தில் இருமுறை அடிப்பது அரிது.

எத்தனை சுவடுகள் வேண்டும்? கசிவின் அளவு, இரைச்சலின் நியம விலகலிற் பத்திலொரு பங்காயின், ஒவ்வொரு குவையிலும் ஏறத்தாழ 4,050 சுவடுகளுடன் டீ எண் 4.5ஐ எட்டும். நூறிலொரு பங்காயின் 4,05,000 வேண்டும். கசிவு பத்திலொன்றாகக் குறையச் சுவடுகள் நூறு மடங்காகப் பெருகுகின்றன. நல்ல சில்லைச் சோதிப்பதே கடினம் என்பது இதனாற் புலனாகும். ஓர் இலட்சம் கணங்களைக் கொண்ட சுவடுகள் பத்து இலட்சத்தைச் சேமித்தால், கணத்துக்கு ஒரு பைற்று என்று கொண்டாலும், பத்தாயிரம் கோடிப் பைற்றுக்கள் ஆகும். அவற்றைச் சேமித்து, இடையைக் காண ஒருமுறையும், மாறற்றிறனைக் காண மறுமுறையும் படிப்பது நாட்கணக்கான வேலை.

சிக்கனத்துக்குரிய வழி பழையது. வெல்ஃபோட் என்பார் 1962இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, புதிதாக வந்த ஒவ்வோர் அளவையும் கொண்டு இடையையும் விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகையையும் அவ்வப்போதே திருத்திக்கொள்ளலாம். பழைய அளவுகளை வைத்திருக்க வேண்டியதில்லை. நாட்கூலிக் கணக்கை மாத ஈற்றிற் பார்க்காது, அன்றன்றே மீதி எழுதி வைக்கும் கடைக்காரரின் முறை இது. சுவடு வந்தது, கணக்கிற் சேர்ந்தது, எறியப்பட்டது. 2015இல் ரோபியாஸ் ஷ்னைடர், அமீர் மொராடி என்னும் இருவர், சிக்கலான சோதனைகளுக்கும் பொருந்துமாறு இச்சூத்திரங்களை விரித்துக் கொடுத்தனர். சில்லு இயங்கிக்கொண்டிருக்கும்போதே டீ எண் வளர்வதைத் திரையிற் பார்க்கலாம். எல்லையைத் தெளிவாகக் கடந்துவிட்டால் அவ்வளவில் நிறுத்தியும் விடலாம்.

அச்சிக்கலான சோதனைகள் யாவை என்பதே இப்பொருளின் சுவைமிக்க பகுதி. கசிவைத் தடுக்கக் கையாளும் தலையாய உபாயம், இரகசியத்தை இரண்டு கூறாகப் பிரித்தல். மறைக்க வேண்டிய பிற்று 0 எனின், அதனை (0, 0) என்றோ (1, 1) என்றோ எழுமாறாகப் பிரித்து வைப்பர். 1 எனின் (0, 1) அல்லது (1, 0). ஒரு கூற்றை மாத்திரம் கண்டவர்க்கு யாதும் விளங்காது. இரண்டு கூறுகளும் ஒரே கணத்தில் மின்னைச் செலவழித்தால், அச்செலவின் கூட்டுத்தொகை யாது? 0க்கு உரிய கூட்டுத்தொகை சிலபோது 0, சிலபோது 2, இடை 1. 1க்கு உரியது எப்பொழுதும் 1. அதன் இடையும் 1. எனவே இடைகளை ஒப்பிடும் சோதனை வேறுபாடொன்றையும் காணாது, சில்லு சித்தியெய்திவிடும். ஆயின் முன்னது 0க்கும் 2க்கும் இடையே தாவுகின்றது. பின்னது அசையாது நிற்கின்றது. மாறற்றிறன் முன்னதில் 1, பின்னதில் 0. கசிவு இடையினின்று நீங்கி மாறற்றிறனிற் குடிபுகுந்துவிட்டது! ஆதலின் ஒவ்வோர் அளவும் இடையினின்று எவ்வளவு விலகுகின்றது என்று கண்டு, அவ்விலகலை வர்க்கித்து, வர்க்கங்களின்மேல் அதே டீ சோதனையை நடத்துவர். இதனை இரண்டாம் வரிசைச் சோதனை என்பர். மூன்று கூறாகப் பிரித்தார்க்கு மூன்றாம் வரிசை. வரிசை ஏறுந்தோறும் இரைச்சலும் பெருகுமாதலின், வேண்டிய சுவடுகளின் தொகை மிக விரைவாக உயரும். காப்பவர்க்குரிய பாதுகாப்பு அவ்வுயர்விலேயே தங்கியிருக்கின்றது.

இச்சோதனையிற் சித்தியெய்திய சில்லைப்பற்றி யாம் கூறத்தக்கது யாது? பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ்செய்வோர் நன்கறிவர்: வினாத்தாள் கேளாததை மாணவன் அறிவானா என்பதை வினாத்தாள் கூறாது. டீ சோதனையும் அவ்வாறே. இத்தனை சுவடுகளில், இந்த வரிசைவரை, இந்தக் கணக்கைச் செய்யும்போது கசிவு காணப்படவில்லை என்பதே அதன் முழுக்கூற்று. இம்முறையைத் தழுவி 2016இல் வெளிவந்த சர்வதேச நியமத்தை ஆராய்ந்த கரோலின் விற்னல், எலிசபெத் ஒஸ்வால்ட் என்னும் இரு பெண் அறிஞர், பொய்க் குற்றச்சாட்டைத் தவிர்ப்பதிற் காட்டிய கவனம் மெய்க் கசிவைத் தவறவிடாமையிற் காட்டப்படவில்லை என்று 2019இற் குறைகூறினர். அந்நியமம் 2024இல் திருத்தி வெளியிடப்பட்டது.

அதே 2024ஆம் ஆண்டு செப்ரெம்பரில், பிரான்சிய ஆய்வாளர் தோமஸ் ரோஷ், இன்பினியன் நிறுவனத்தின் பாதுகாப்புச் சில்லுகளில் ஒரு கசிவை வெளிப்படுத்தினார். யூபிகீ எனப்படும், கணினிக் கணக்குகளைக் காக்கும் சிறு கருவிகளிலும் அச்சில்லு இருந்தது. ஏறத்தாழ 14 ஆண்டுகளாக, ஏறத்தாழ 80 உயர்நிலை மதிப்பீடுகளைக் கடந்து, எவர் கண்ணுக்கும் படாமல் அக்கசிவு கிடந்தது. இருந்த இடமும் எளியது. கையொப்பம் இடும்போது, ஒருமுறைக்கே உரிய இரகசிய எண் ஒன்றின் நேர்மாறைக் காண, யூக்கிளிட்டின் பெயரால் வழங்கும் பழைய வகுத்தல் முறையைச் சில்லு கையாண்டது. பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண நம் மாணவர் கையாள்வதும் அதுவே. 48ஐயும் 36ஐயும் எடுத்தால் இரண்டு படியில் முடியும். 55ஐயும் 34ஐயும் எடுத்தால் எட்டுப் படிகள் செல்லும். எண்ணுக்கேற்பப் படிகள் மாறின. படிகளுக்கேற்ப நேரம் மாறிற்று. நேரம் மின்காந்த அலையில் வெளிப்பட்டது. கருவியைக் கையிற்பெற்றுக் கழற்றி அளந்தாலன்றி இதனைப் பயன்படுத்த இயலாது என்பது ஓர் ஆறுதல். யூபிகீ உற்பத்தியாளர் புதிய கருவிகளில் அந்நிரலை நீக்கி, தம்முடைய நிரலை இட்டனர். முன்னர் விற்பனையான கருவிகளின் உள்நிரலைப் பின்னர் மாற்றும் வழி இல்லாமையால், அவை இருந்தபடியே இருக்கின்றன.